கை தூக்காதவனுக்கு விசுவாசம் இல்லையா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வியாசர்பாடியில் மூன்று நாள் வாலிபர் கூட்டம், கடைசி நாள் ராத்திரி பேச வந்த ஊழியக்காரர் "கழுத்தில் கத்தி வைத்தாலும் இயேசுவை மறுதலிக்க மாட்டேன் என்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள்" என்றிருக்கிறார். சுற்றி இருந்த எல்லாக் கையும் மேலே போனது, உங்கள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை, என் விசுவாசம் பொய்யா, இரத்தசாட்சிகளுக்கு இருந்த தைரியம் எனக்கு ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரத்தசாட்சிகளைப் பற்றியது போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்க வந்தது பயத்தைப் பற்றி என்றுதான் எனக்குப் படுகிறது. பயப்படுகிறவன் விசுவாசியாக இருக்க முடியுமா என்பதுதானே அது? முடியும். அதற்கு மேலேயும் சொல்வேன், அன்றைக்குக் கை தூக்காமல் இருந்ததில் தப்பே இல்லை, ஆதித் திருச்சபையே இந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாதிரியார் இல்லை. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கப்பல் பேப்பர் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன், வீடு ராயபுரம் பக்கம். மாலை வகுப்பில் பொதுநிலையினருக்கான இறையியல் படிப்பை முடித்துவிட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஞாயிறு மறைக்கல்வியில் பெரிய பிள்ளைகளுக்குத் திருச்சபை வரலாறு எடுக்கிறேன். அதனால் வரலாற்றில் என்ன இருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்வேன். உங்கள் மனசாட்சிக்குள் என்ன நடக்கிறது என்பதை உங்கள் பாஸ்டரிடமோ நம்பகமான ஒரு பெரியவரிடமோ நேரில் பேசுங்கள், அது எழுத்தில் தீராது.

வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரை நீங்கள் இரத்தசாட்சி என்கிறீர்கள், நாங்கள் மறைசாட்சி என்போம், என் பாட்டி வேதசாட்சி என்பார். மூன்றிலும் சாட்சி இருக்கிறது. கிரேக்கத்தில் மார்த்துஸ் என்ற மூலச்சொல்லுக்கும் கோர்ட்டில் ஏறிச் சொல்கிற சாட்சி என்றுதான் பொருள், சாவுக்கும் ரத்தத்துக்கும் அந்தச் சொல்லில் முதலில் இடமே இல்லை. பாரிமுனை ஹைகோர்ட் பக்கம் போனால் தெரியும், சாட்சி சொல்கிறவன் தானாகப் போய்க் கூண்டில் ஏறுவதில்லை, சம்மன் வர வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கேட்ட கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

பொலிகார்ப் கதையை உங்கள் கூட்டத்திலும் சொல்லியிருப்பார்கள். ஸ்மிர்னா ஊர்ப் பேராயர், இன்றைய துருக்கியின் இஸ்மிர். ஏறக்குறைய கி.பி. 155இல் கொல்லப்பட்டார், ஒரு சிலர் பத்துப் பன்னிரண்டு வருஷம் தள்ளிப் போடுவார்கள். ஆளுநர் கிறிஸ்துவைப் பழித்துப் பேசச் சொன்னபோது, எண்பத்தாறு வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, என்னை மீட்ட ராஜாவை எப்படிப் பழிப்பேன் என்று கிழவர் கேட்டார். இது எல்லோருக்கும் தெரியும். அவர் சாவைப் பற்றி அந்த ஊர்ச் சபையே எழுதிய கடிதத்தில் நாலாவது பகுதியாக வருகிற குயிந்துஸை மேடையில் யாரும் சொல்வதில்லை. பிரிகியாவிலிருந்து வந்த ஆள். யாரும் தேடவில்லை, தானாகப் போய் நான் கிறிஸ்தவன் என்று நின்றான், கூட நாலு பேரையும் கிளப்பிவிட்டுக் கூட்டிப்போனான். அரங்கில் ஏவிவிட வைத்திருந்த மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப் போய், சொல்லச் சொன்னதைச் சொல்லி ரோமத் தெய்வங்களுக்குப் பலியும் போட்டுவிட்டான். இதை எழுதியவர்கள் அந்த ஸ்மிர்னா சபையார்தான். எழுதிவிட்டு, தாங்களாகப் போய்ப் பிடிகொடுக்கிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். பொலிகார்ப்போ, சபையார் கெஞ்சியதால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார், தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொரு பண்ணைக்கு மாறினார். அதாவது ஒளிந்தார். ஒளிந்தவர் கடைசிவரை நின்றார், கை தூக்கியவன் மறுதலித்தான்.

இது ஏதோ ஒரு ஊர் வழக்கம் என்று நினைக்காதீர்கள். ஸ்பெயினில் நாலாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பேராயர்கள் கூடிய எல்விரா சங்கத்தின் 60ஆவது விதி, சிலையை உடைக்கப் போய் அங்கேயே கொல்லப்பட்டவனை மறைசாட்சிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்கிறது. வம்பு இழுத்துச் சாவது கணக்கில் வராது என்று அர்த்தம். மத்தேயு 10:23இல் ஆண்டவரே, "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்கிறார். ஓடிப்போங்கள் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருப்பதை எத்தனை கூட்டத்தில் வாசித்துக் கேட்டிருப்பீர்கள்?

சரி, பயத்துக்கு வருகிறேன். கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சியவர் யார் என்று உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் வகுப்பில் எப்போதும் சொல்வது பெலிசித்தாவைப் பற்றி. கார்த்தேஜ் நகரம், இன்றைய துனிசியா, வருஷம் 203. அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணியாகச் சிறையில் இருந்தாள், அங்கேயே பிரசவ வலி எடுத்தது. வலி தாங்காமல் கத்தினாள். இதற்கே இப்படிக் கத்துகிறாயே, நாளைக்கு மிருகங்களுக்கு முன்னால் போட்டால் என்ன செய்வாய் என்று சிறைக்காவலன் ஒருவன் கேலி பேசினான். இப்போது படுகிற பாடு என் பாடு, அப்போது எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் பாடுபடுவார் என்று பதில் சொன்னாள். இந்தப் பதிலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தைரியம் என்னிடம் இருப்பு இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்குக் கையில் எதுவும் இல்லை, அந்த வேளைக்கு வரும் என்கிறாள். உங்கள் ஊழியக்காரர் அன்றைக்குக் கேட்டது இருப்புக் கணக்கு. பெலிசித்தா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவளும் கை தூக்கியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அவளோடு இருந்த பெர்பெத்துவாவுக்கு வயசு இருபத்திரண்டு, கைக்குழந்தைக்காரி. அவள் சிறையில் எழுதிய குறிப்பு இன்றும் கிடைக்கிறது. முன்னுரையும் சாவைச் சொல்கிற கடைசிப் பகுதியும் வேறொருவர் எழுதியது, நடுப்பகுதியில் பெரும்பங்கு அவளே எழுதியது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அதில் சிங்கம் புலியை விடக் கஷ்டமாக வருவது அவள் அப்பா. விசுவாசத்தை விடச் சொல்லி அவர் முதல் தடவை வந்தபோது அங்கே இருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதைப் பாத்திரம் என்றுதானே சொல்ல முடியும், வேறு பேர் சொல்ல முடியுமா, அதுபோல நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு சொல்ல முடியாது என்றாள். அப்பா அடிக்கவே பாய்ந்தார். அடுத்த தடவை வந்த அதே மனிதர் மகளுடைய கையை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுதார், மகளே என்று கூப்பிடாமல் சீமாட்டியே என்று கூப்பிட்டார். பெற்ற அப்பா காலில் விழுவது என்றால் நம் வீடுகளில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசாரணையன்று ஆளுநர் அந்தக் கிழவரைக் கம்பால் அடிக்க வைத்தார், என்னையே அடித்தது போல இருந்தது என்று அவள் எழுதுகிறாள். கல்நெஞ்சக்காரி எழுதுகிற வரியா இது? அப்பாவை அவள் வெறுக்கவில்லை, வாதாடி ஜெயிக்கவும் பார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிச் சொல்ல மறுத்தாள்.

சமரசமில்லாத விசுவாசம் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் அவர்கள் மறுத்தது ரொம்பச் சின்ன இடம். பிடிக்க வந்த ஆட்களுக்குச் சாப்பாடும் குடிக்கவும் வைக்கச் சொன்னார் பொலிகார்ப், ஜெபம் பண்ண ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். வயசுக்கு மரியாதை கொடுத்து ஆளுநர் பேசியபோது இவரும் மரியாதையாகவே பேசினார். எல்லாவற்றிலும் முரண்டு பிடித்தவர் இல்லை, ஒரு வரியை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். நம் ஏரியாவில் சமரசமில்லாதவன் என்று பேர் வாங்குகிற சிலரைப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்க மாட்டார்கள், ஆனால் வட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு நடுத்தெருவில் நின்று கத்துவார்கள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

இப்போது தவறி விழுந்தவர்கள். உங்கள் பயத்தின் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன், ஒருவேளை மறுதலித்துவிட்டால் என்ன ஆவது? ரோமப் பேரரசன் தேசியுஸ் 249இன் கடைசியிலோ 250இன் தொடக்கத்திலோ ஓர் உத்தரவு போட்டான், பேரரசில் இருப்பவர்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றுகளில் நாற்பதுக்கும் மேல் எகிப்து மணலில் பாப்பிரஸாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஒரு கிழவர், வயசு எழுபத்திரண்டு, வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம் போட்டு, நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் கண் முன்னால் பலியிட்டு அதைச் சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டுத் தரவும் என்று கேட்கிறார். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் நம் மச்சத்தை எழுதுவது போலவே இருக்கும். தாலுக்கா ஆபீஸ் அலைந்தவர்களுக்கு அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று தெரியும்: பலி போடாமலேயே காசு கொடுத்துச் சான்று மட்டும் வாங்கினார்கள் பல கிறிஸ்தவர்கள். கார்த்தேஜில் பெருங்கூட்டமே விழுந்தது. அந்த ஊர்ப் பேராயர் சிப்ரியான் என்ன செய்தார்? ஒளிந்துகொண்டு கடிதம் மூலமாகச் சபையை நடத்தினார். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்று ரோமிலிருந்துகூடக் குத்தல் கடிதம் வந்தது. ஆபத்து அடங்கியதும், 251இல் பேராயர்கள் கூடி, விழுந்தவர்களைத் தவம் செய்யவைத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். சேர்க்கவே கூடாது என்று பிரிந்து போன கூட்டமும் உண்டு, அவர்கள்தான் அன்றைக்குச் சமரசமில்லாதவர்கள் என்று பேர் எடுத்தார்கள். அப்புறம் 258 செப்டம்பர் 14, அதே சிப்ரியானுக்குச் சம்மன் வந்துவிட்டது. தீர்ப்பை வாசித்ததும் தேவனுக்கு நன்றி என்றார். மேலங்கியைக் கழற்றி வைத்தார். தலையை வெட்டப் போகிறவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கச் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓடியதற்காக யாரும் அவர் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லவும் கேட்டிருக்கிறீர்கள், நல்ல கேள்வி. மேலே சொன்ன மூன்றும், பொலிகார்ப், பெர்பெத்துவா, சிப்ரியான், நடந்த காலத்துக்கு நெருக்கமாக எழுதப்பட்டவை, சாராம்சத்தில் நம்பலாம். ஓரங்களில் சேர்ந்த மெருகு உண்டு. பொலிகார்ப்பைக் குத்தியதும் உடம்பிலிருந்து புறா பறந்தது என்று கையெழுத்துப் பிரதிகளில் இருக்கிறது, ஆனால் நாலாம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் இதே கடிதத்தை எடுத்து எழுதியபோது அதில் புறா இல்லை. நம்ம ஊருக்கு வந்ததாகச் சொல்கிற இயேசுவின் சீஷர் தோமா விஷயம் இன்னும் சிக்கல். 72ஆம் வருஷம் பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்பது பாரம்பரியம். மூன்றாம் நூற்றாண்டில் சிரியா பக்கம் எழுதப்பட்ட தோமா பணிகள் என்ற நூல் நாலு வீரர்கள் ஈட்டியால் குத்தியதாகச் சொல்கிறது, அரசன் பேர் மஸ்தாய் என்கிறது, ஆனால் மயிலையையோ பரங்கிமலையையோ சொல்வதில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் கேட்டு எழுதிய கதையில், மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறி ஜெபத்தில் இருந்த தோமாவின் மேல் பட்டது. அப்படியென்றால் அது விபத்து, மறைசாட்சியமே இல்லை. தோமா இந்தியா வந்தார் என்று நான் நம்புகிறேன், மலைக்குப் போனால் முழங்காலும் போடுவேன். ஆனால் வகுப்பில் இதைச் சரித்திரம் என்று சொல்லாமல் பாரம்பரியம் என்றே சொல்வேன்.

நம் நாட்டில் செத்தவர்களில், போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த குருவான ஓரியூர் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி வெட்டப்பட்டதில் சந்தேகமே இல்லை. காரணம் மட்டும் கலப்படம். அந்தப் பக்கத்துச் சிற்றரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார், அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவுப்பெண், அங்கிருந்து வந்தது வினை. குடும்ப மானம், அரண்மனை அரசியல், மதம் எல்லாம் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடக்கின்றன. தேவசகாயமும் அப்படித்தான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749இல் கைது, 1752 ஜனவரி 14 ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மதத்துக்காக இல்லை, வேறு குற்றச்சாட்டு என்று வாதாடுகிற வரலாற்று எழுத்தாளர்கள் உண்டு. கத்தோலிக்கத் தலைமையான ரோம், ஆவணங்களைப் பார்த்துவிட்டு விசுவாசத்தின் மேலிருந்த வெறுப்பினால்தான் என்று தீர்மானித்து, 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்தது. நான் ரோம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பைக் கேட்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை. சாவு மட்டும் ஒருவனை மறைசாட்சி ஆக்காது, எதற்காகச் செத்தான் என்பதுதான் ஆக்கும் என்று ஆதித் திருச்சபைப் பேராயர் அகுஸ்தினார் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டுப் போனார், அந்த எதற்காகவைக் கண்டுபிடிப்பது எப்போதுமே இழுபறிதான்.

என் கதை ஒன்றும் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், வேலை பார்த்த இடத்தில், வந்த சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டி ஒரு பேப்பர் வந்தது. முதலாளி மேஜைமேல் வைத்து, சும்மா ஒரு கையெழுத்துப்பா என்றார். ஜூன் மாதம், மூத்தவளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டும். போட்டுவிட்டேன். கத்தி இல்லை, சிங்கம் இல்லை, ஒரு ரெனால்ட்ஸ் பேனா, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடத்த வேண்டியிருந்த பாடம் தேசியுஸ் காலத்துச் சான்றிதழ். காசு கொடுத்துச் சான்று வாங்கியவர்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அதற்கு மேல் வாய் வரவில்லை, தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் திட்டுவார் என்று பார்த்தால், அடுத்த தடவை வரும், அப்போது பார் என்றார். வந்தது. முடியாது சார் என்றேன், குரல் நடுங்கியது, அடுத்த மேஜைக்காரர் போட்டுவிட்டார், வேலை நடந்துவிட்டது. அந்த வருஷம் இன்கிரிமென்ட் மட்டும் வரவில்லை. இதை இரத்தசாட்சியோடு ஒப்பிடுகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப் போகவில்லை. கை தூக்கச் சொல்லியிருந்தால் முதல் பேப்பர் வருவதற்கு முந்தின நாள் வரை இரண்டு கையையும் தூக்கியிருப்பேன் என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் ஊழியக்காரரைத் தப்பாக நினைக்காதீர்கள், வாலிபப் பிள்ளைகளை உசுப்பிவிட வேண்டும் என்கிற ஆசையில் கேட்டிருப்பார். திரும்ப அந்தக் கூட்டத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், தாராளமாகப் போங்கள். மறுபடியும் கை தூக்கச் சொன்னால் தெரியவில்லை ஐயா என்று சொல்லுங்கள், அது பொய் இல்லாத பதில். போவதற்கு முன்னால் மத்தேயு 26ஐ எடுத்து 33இலிருந்து 35 வரை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். இந்தக் கை தூக்குகிற கூட்டம் முதன்முதலில் நடந்தது அங்கேதான். எல்லாரும் இடறினாலும் நான் இடற மாட்டேன் என்று பேதுரு முதலில் தூக்கினார், "சீஷர்கள் எல்லாரும் அப்படியே சொன்னார்கள்" என்று இருக்கிறது. ராத்திரி விடியவில்லை, கணப்பு பக்கம் நின்ற ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து அந்த மனுஷனை அறியேன் என்றார். அவருக்குப் பழைய தமிழில் ராயப்பர் என்று பேர், எங்கள் ராயபுரத்துக்கு அவர் பேரில்தான் அந்தப் பேர் வந்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். படகுக்காரர்கள் கட்டிய அவர் கோயில் இன்றைக்கும் இருக்கிறது, காசிமேட்டில் வலை இழுக்கப் போகிறவர்கள் விடிகாலையில் அந்தப் பக்கம் கும்பிட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மறுதலித்த ஆளுடைய பேரில் கோயிலா என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை. அப்படியே யோவான் 21:18ஐயும் பாருங்கள். உயிர்த்த பிறகு ஆண்டவர் அதே பேதுருவிடம் அவருடைய கடைசியைப் பற்றிச் சொல்கிற இடம், "உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக்கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான்" என்று இருக்கிறது. இஷ்டமில்லாத இடத்துக்கு.